டயருக்கு என்ன வயசு?

‘‘இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா சார்?’’

கேட்டவர் எங்கள் அபார்ட்மென்ட் செகரெட்டரி. ‘இது’ என்று அவர் சொன்னது என் காரை. இரண்டே சீட். ஸ்விட்சைத் தட்டினால் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும். ஜெர்மன்காரன் செய்தது. கம்பெனி பேரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், விட்டுவிடுவோம். 2021-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒரு புது இன்னோவா வாங்குகிற காசுக்குள் முடிந்தது. எனக்கு வயது 67.

செகரெட்டரிக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஏழு பேர் உட்காரும் ஒரு பெரிய வண்டி வைத்திருக்கிறார். வீட்டில் இருப்பது அவரும் அவர் மனைவியும்தான். பையன் நியூஜெர்சியில். மீதி ஐந்து சீட்டில் ஏ.சி. காற்று உட்கார்ந்து போகிறது. அவரை யாரும் ‘இந்த வயசுல’ என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். நம் ஊரில் பெரிய கார் என்றால் அந்தஸ்து. ஓட்டுகிறவனுக்கு சந்தோஷம் தருவதற்கென்றே செய்த கார் என்றால் கொழுப்பு.

அறுபதைத் தாண்டியவனுக்கு நாம் ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறோம். காலையில் வாக்கிங். சுகர் டெஸ்ட். காசி, ராமேஸ்வரம். பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது. யாராவது செத்தால் முதல் ஆளாகப் போய் நிற்பது. எண்பது வயதில் கட்சிக்குத் தலைவராக இருக்கலாம், தப்பில்லை. கம்பெனிக்கு சேர்மனாக இருக்கலாம். ஆனால் அதிகாலை ஐந்தரை மணிக்குக் கூரையைத் திறந்துவிட்டு, திருவான்மியூரிலிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் ஓட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் ‘பெரியவருக்கு ஏதோ ஆயிடுச்சு.’

ஆகவில்லை சார். முப்பது வயதில் ஆசை இருந்தது, காசு இல்லை. நாற்பதில் காசு கொஞ்சம் இருந்தது, ஹவுஸிங் லோன் இருந்தது. ஐம்பதில் பெண் கல்யாணம். இதெல்லாம் முடிந்தபின் மிச்சமிருப்பது இந்த வயசுதான். வேறு எந்த வயசில் வாங்கச் சொல்கிறீர்கள்?

பதினேழு வயதில் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவன் நான். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வரும்வரை நம்ம ஊர் கார் பைத்தியங்களுக்கு அதுதான் கோயில். நம்ம ஃபியட்டையும் ஹெரால்டையும் அக்கக்காகக் கழற்றி மாட்டி ஓட்டுவார்கள். வளைவில் கார் திரும்பும்போது ஒரு ரப்பர் கருகிய வாசனை வரும் பாருங்கள், ஐம்பது வருஷமாகியும் மூக்கை விட்டுப் போகவில்லை.

பால் நியூமன் என்கிற ஹாலிவுட் நடிகர் சினிமாவுக்காகக் கார் ரேஸ் கற்றுக்கொண்டு, அதிலேயே விழுந்துவிட்டார். 1979-ல் லு மான் 24 மணி நேர ரேஸில் அவருடைய டீம் இரண்டாவதாக வந்தபோது அவருக்கு வயது 54. 1995-ல் டேட்டோனா 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் ஜெயித்த அணியில் இருந்தார். அப்போது வயது 70. மனுஷன் எண்பதிலும் ஓட்டினார். நான் அவரில்லை. எனக்கு ஸ்பீடு பிரேக்கர் தாண்டினாலே இடுப்பு கேள்வி கேட்கும். காரிலிருந்து இறங்குவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன்: முதலில் வலது கால், அப்புறம் இரண்டு கை, அப்புறம் ‘முருகா’. சொல்ல வந்தது, பிறந்த தேதியை வைத்து ஒரு டிரைவரை எடை போடுவது முட்டாள்தனம் என்பதுதான்.

இவ்வளவு வீறாப்பாகப் பேசுகிற நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2023 நவம்பர். ராத்திரி நல்ல மழை. காலையில் விட்டிருந்தது. கூரையை மூடிக்கொண்டு நானும் என் மனைவியும் ஈ.சி.ஆரில் போய்க்கொண்டிருந்தோம். கோவளம் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. அறுபதில்தான் போனேன், சத்தியமாக. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தேன். வண்டியின் பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. ஏ.பி.எஸ். கடகடத்தது, டேஷ்போர்டில் ஏதேதோ விளக்கு மினுக்கியது, ஒன்றும் பிரயோஜனமில்லை. சாலைக்குக் குறுக்காக வழுக்கிப் போய், ஓர மண்ணில் நின்றோம். நாய் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. எதிரில் பஸ் வரவில்லை. அவ்வளவுதான். எங்கள் சாமர்த்தியம் இதில் எதுவுமில்லை.

என் மனைவி சத்தம் போடவில்லை. தண்ணீர் குடித்தாள். பிறகு, ‘‘உங்களாலயா, வண்டியாலயா?’’ என்று கேட்டாள்.

‘இந்த வயசுல தேவையா’ என்று அவள் கேட்கவில்லை, கவனியுங்கள். கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான். பதிலாக, போலீஸ்காரன் கூடக் கேட்காத சரியான கேள்வியைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எனவே இரண்டையும் சோதித்தேன்.

முதலில் வண்டி. வாங்கும்போது பழைய ஓனர் பெருமையாகச் சொன்னார்: ‘‘டயர் மாத்தி ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை சார். பட்டன் அப்படியே இருக்கு பாருங்க.’’ பார்த்தேன். நிஜமாகவே அப்படியே இருந்தது. புது கார் டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். என்னுடையதில் 6 இருந்தது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஆக, சட்டத்துக்கு முன்னால் நான் உத்தமன்.

பார்க்காமல் விட்டது வேறு. எந்த டயரின் பக்கவாட்டிலும் டாட் என்ற மூன்று எழுத்தோடு ஒரு நீள நம்பர் இருக்கும். குனிந்து பாருங்கள், சில சமயம் உள்பக்கமாக இருக்கும், டார்ச் வேண்டும். அதில் கடைசி நாலு இலக்கம் டயரின் ஜாதகம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என்னுடையதில் 1415. அதாவது 2015-ல் பதினாலாவது வாரம். நாய் குறுக்கே வந்த அன்று அந்த டயருக்கு எட்டரை வயது.

ரப்பர் என்பது கல் இல்லை. வெயில், சூடு, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து அதை வருஷக்கணக்கில் இறுக்குகின்றன. இதைத் தடுக்க டயருக்குள் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், டயர் உருண்டு நசுங்கி விரியும்போதுதான் அவை மேலே கசிந்து வந்து நன்றாக வேலை செய்யும். கவர் போட்டு நிறுத்தி வைத்தால் செய்யாது. அதாவது கண்ணும் கருத்துமாக ஓட்டாமல் பாதுகாக்கிற காரின் டயர்தான் சீக்கிரம் கெடும். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ஸ்கூல் பெஞ்சு மாதிரி இருந்தது. காய்ந்த ரோட்டில் இது தெரியாது. மழை ரோட்டில் பிரேக் போடும்போது தெரியும். ஒரு கார் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பரால்தான். அந்த நாலும் பலகையானால் ஏ.பி.எஸ். என்ன செய்யும், பாவம்.

2013 நவம்பர் 30 அன்று நடிகர் பால் வாக்கர் செத்துப்போன விபத்து பலருக்கு நினைவிருக்கும். போர்ஷே கரேரா ஜி.டி. கார். ஓட்டியது அவருடைய நண்பர். விசாரணையில் முக்கியக் காரணமாகச் சொன்னது வேகத்தை. கூடவே, அந்தக் காரின் டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது, அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்துவதைப் பாதித்திருக்கலாம் என்றார்கள். உலகமே வாயைப் பிளக்கும் கார். டயர் மட்டும் ஒன்பது வயசு.

இதைவிட மனசைப் பிசைவது இங்கிலாந்தில் 2012-ல் நடந்தது. இசை விழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிய பிள்ளைகளின் பஸ்ஸில் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒரு பையனுக்கு 18 வயது. வெடித்த டயருக்கு 19-க்கு மேல். பையனைவிட டயர் மூத்தது! பட்டன் ஆழம் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. பையனின் அம்மா விடாமல் போராடினார். 2021 பிப்ரவரியிலிருந்து அங்கே பஸ், லாரிகளின் முன் சக்கரத்தில் பத்து வயதைத் தாண்டிய டயர் போடக் கூடாது என்று சட்டம் வந்தது.

இங்கே என்னிடம் டயரின் வயதை யாரும், எந்த ஆபீஸிலும் கேட்டதில்லை. என் வயதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

என் கோபமே இதுதான். மனுஷனுக்குப் பார்க்க வேண்டியது கண்டிஷன். டயருக்குப் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். நன்றாக ஓட்டுகிற கிழவனைப் பார்த்து ‘வயசாச்சு’ என்கிறோம். செத்துப்போன டயரைப் பார்த்து ‘பட்டன் இருக்கு’ என்கிறோம்.

சரி, மனுஷன் கண்டிஷன் எப்படிப் பார்க்கப்படுகிறது? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபின் 55 தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான். நாற்பதுக்கு மேல் டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். நல்ல ஏற்பாடுதானே! 65 வயதில் நான் புதுப்பிக்கப் போனபோது ஒரு டாக்டர் என்னைச் சோதித்தார். என் பேரைக் கேட்டார். ரத்த குரூப் கேட்டார். சீல் குத்தினார். தலை நிமிரவில்லை. என் இரண்டு கண்ணும் அவருடைய கண்ணைச் சந்திக்கவே இல்லை. சட்டம் சொன்னதை இவர்கள் ஒழுங்காகச் செய்தால் நான் எந்த வயதிலும் போய் நிற்கத் தயார். ஃபெயில் செய்தால் சாவியைக் கொடுத்துவிடவும் தயார். இருபத்தைந்து வயசுக்காரனும் கூட நிற்கட்டும். நாட்டில் ரோட்டில் சாகிறவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 18-லிருந்து 45 வயதுக்குள் இருப்பவர்கள். அவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்பீர்கள், நியாயம்தான். ஆனாலும் கிழவர்கள்தான் ரோட்டுக்கு ஆபத்து என்ற பேச்சை இந்தக் கணக்கு தாங்காது.

என் மனைவியின் கேள்வியின் முதல் பாதி பாக்கியிருக்கிறது. நானாகவே கண் டாக்டரிடம் போனேன். இடது கண்ணில் கேட்டராக்ட். ஆக, ‘உங்களாலயா, வண்டியாலயா’ என்பதற்குப் பதில், வண்டியால் முக்கால், என்னால் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டேன். அதன் பிறகும் ராத்திரியில் எதிரே வருகிறவன் ஹை பீம் போட்டால் கண்ணில் பூ பூக்கிறது. அதனால் ராத்திரி ஓட்டுவதில்லை. யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் டயர் வாங்கப் போனேன். அது தனிக் கூத்து.

சென்னையைச் சுற்றி டயர் கம்பெனிகள். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், தேர்வாய்கண்டிகை என்று ஃபேக்டரி ஃபேக்டரியாக நிற்கிறது. ஆனால் என் சைஸ் கிடைக்கவில்லை. முன்னால் 225/40 ஆர் 18, பின்னால் 255/35 ஆர் 18. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது, அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் வீலின் அங்குலம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். உள்ளூர்த் தொழிலைக் காக்கத்தானாம். காக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே செய்யாத சைஸையும் சேர்த்து இறுக்கினால், கடைக்காரர் மூலையில் கிடக்கும் மூன்று வருஷச் சரக்கைத் துடைத்துப் பளபளவென்று காட்டுவார். எனக்குக் காட்டினார். டார்ச் அடித்து நாலு இலக்கத்தைப் படித்தேன். ‘‘சார் டிபார்ட்மெண்ட்டா?’’ என்றார்.

அடுத்து, ‘‘இது போடுங்க சார். அறுபதாயிரம் கிலோமீட்டர் கேரண்டி.’’

நான் ஓட்டுவது வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர். அறுபதாயிரம் ஓட்டப் பதினைந்து வருஷம் ஆகும். அப்போது எனக்கு எண்பதுக்கு மேல். டயருக்கு கேரண்டி கொடுக்கிறார், எனக்கு யார் கொடுப்பது? இந்தத் தப்பைத்தான் என் வயது கார்க்காரர்கள் எல்லாரும் செய்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சிக்கனமாக வாழ்ந்த புத்தி, டயரிலும் ‘ரொம்ப நாள் உழைக்கணும்’ என்று பார்க்கிறது. கெட்டியான ரப்பர் ரொம்ப நாள் உழைக்கும், கொஞ்சமாகப் பிடிக்கும். மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேயும், ரோட்டை விடாமல் பிடிக்கும். பல டயர்களில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். 500 என்றால் கெட்டி, 300-க்குப் பக்கம் என்றால் மெத்து. கம்பெனிக்காரர்கள் அவரவர்களே போட்டுக்கொள்ளும் மார்க், அதனால் உப்பு போட்டுத்தான் நம்ப வேண்டும். ஆனாலும் குத்துமதிப்பாக உதவும். எப்படியும் தேய்வதற்குள் கிழடாகப் போகிற டயர். பிறகென்ன, நன்றாகப் பிடிக்கிறதாக வாங்க வேண்டியதுதானே!

அதற்காக ரேஸ் டயர் வாங்கிவிடாதீர்கள். கடையில் ஒரு இளைஞன் வாங்கிக்கொண்டிருந்தான். அதில் தண்ணீர் வெளியேறுகிற பள்ளமே குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் காய்ந்த டிராக்கில் சொர்க்கம், வேளச்சேரி மழையில் படகு. அதேபோல கம்பெனி சொன்னதைவிட அகலமாகப் போட்டால் கெத்தாக இருக்கும் என்பதும் வேண்டாம். அகலம் கூடக்கூட டயர் தண்ணீரின் மேல் மிதக்கும் ஆபத்தும் கூடும். நான் பார்த்தது ஈர ரோட்டுப் பிடி. ட்ராக்‌ஷன் என்று போட்டு ஏஏ என்று இருந்தது. அது போதும்.

இன்னொரு சிக்கல். என் காரில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதில் ரன்-ஃப்ளாட் டயர். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். பக்கச்சுவர் அவ்வளவு உறுதி. அந்த உறுதி முழுக்க ஓட்டுகிறவன் முதுகெலும்புக்கு வந்து சேரும். எனக்கு எல்4-எல்5 டிஸ்க் ஏற்கெனவே வம்பு. சாதா டயர் போட்டால் இடுப்பு வாழ்த்தும். ஆனால் மரக்காணத்தில் பஞ்சரானால்? யோசித்தேன். ராத்திரி ஓட்டுவதில்லை என்று ஆகிவிட்டதால் பதில் சுலபமாகிவிட்டது. சாதா டயர், டிக்கியில் ஒரு சின்ன கம்ப்ரஸர், ஓட்டை அடைக்கும் திரவம் ஒரு டின், டோயிங் வண்டிக்காரர் நம்பர். தனியாக ராத்திரியில் ஓட்டுகிறவர்கள் ரன்-ஃப்ளாட்டை விடாதீர்கள். இடுப்பு வலித்தாலும் பரவாயில்லை.

நாலுக்கும் சேர்த்து 80,000 ரூபாய் ஆனது. கேள்விப்பட்ட செகரெட்டரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் தன் வண்டிக்கு சீட் கவர், ஸ்பீக்கர், பம்பரில் குரோமியம் என்று செய்த செலவு இதைவிட ஜாஸ்தி. டயர்? ‘‘கம்பெனி டயர் சார், ஏழு வருஷமா மாத்தவே இல்ல’’ என்று போன வாரம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதே பெருமை, அதே குரல். அவருக்கு டார்ச் கொடுத்து நாலு இலக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் குனியவில்லை.

டயர் மாட்டி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடிந்தபிறகு கடைப்பையன் பழைய நாலையும் ஓரமாக அடுக்கினான். ‘‘விட்டுட்டுப் போங்க சார், ஆறாயிரம் கம்மி பண்ணிக்கறேன்’’ என்றார் கடைக்காரர். யாருக்கு என்று கேட்டேன். இதே சைஸ் தேடி ஒரு தம்பி வந்துபோகிறானாம். செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவன், புது டயருக்குக் காசில்லை. ‘‘பட்டன் அப்படியே இருக்கு சார். அவனுக்கு ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்.’’

நாலிலும் பக்கவாட்டில் கத்தி போடச் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார். ஆறாயிரம் வேண்டாம், வெட்டுங்கள் என்றேன். பையன் முதலாளி முகத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான். நாலையும் அறுத்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.